கரண்ட் பாய்ந்த சங்கிலி

வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப் இன்னும் கிணறு தோண்டும் கிரேனின் இரும்புக் காலைக் கவ்விக்கொண்டிருந்தது.

நேற்று சாயங்காலம் மரியஜோசப் தன் கையால் மாட்டியது. கல் அள்ளும் பெரிய வாளியின் விளிம்பு பிளந்துவிட்டது, வெல்டிங் வைக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். வாளியைக் கழற்றச் சோம்பல்பட்டு, சங்கிலியில் தொங்கவிட்டபடியே பற்றவைத்தான். கிளிப்பை வாளியில்தான் மாட்டியிருக்க வேண்டும். அதில் ஒரே சேறு. கை போன இடத்தில் மாட்டிவிட்டான்.

இப்போதுதான் உறைத்தது.

வெல்டிங் கரண்ட் முழுக்க அந்தச் சங்கிலி வழியாகத்தான் போயிருக்கிறது. கண்ணியும் கண்ணியும் தொடுகிற இடத்தில் பொறி பறந்திருக்கும். அங்கே இரும்பு சட்டென்று பழுத்து, சட்டென்று குளிர்ந்து, உள்கட்டே மாறி, பட்டென்று முறிகிறதாகிவிடும். வெளியே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும்.

ஒரகடத்துப் பட்டறையில் அப்படி ஒரு சங்கிலி அறுந்ததைப் பார்த்திருக்கிறான். அது நீளவில்லை, வளையவில்லை. முறிந்த இடம் சர்க்கரை மாதிரி மினுமினுத்தது.

காலையிலிருந்து இந்தச் சங்கிலி கல் தூக்கியது. இப்போது ஆள் தூக்க வேண்டும்.

கிணற்றின் அடியில், பாறையில் வைத்த வெடிக்குத் திரி கொளுத்திவிட்டு அவன் தம்பி சாலமோன் வாளியில் ஏறிவிட்டான். கூடவே நிலத்துக்காரர் நடேசன். ஊற்றுக்கண்ணை நானே பார்த்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்து இறங்கிய மனுஷர்.

நிறுத்தினால் வெடி. வெடுக்கென்று இழுத்தால் சங்கிலி. அந்த ஆழத்துக்கு ஏணியும் கிடையாது.

கிரேன் ஓட்டும் தாண்டவராயனிடம் மெதுவாக இழு என்று கத்தினான். உடனே, இல்லை, சீக்கிரம் என்றான். இன்ஜினை ஒட்டி உட்கார்ந்திருந்த தாண்டவராயனுக்கு அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. காலையிலேயே ஊத்திக்கினியா என்று சைகையில் கேட்டுச் சிரித்தான்.

வாளி மேலே கிளம்பியது.

பம்புசெட் இறக்கும் கயிறு ஒன்று கிடந்தது. ஒரு முனையைக் கிணற்றோரக் கல்தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை உள்ளே வீசினான். ஒரே கயிறு, ஓர் ஆள் இடுப்புக்குத்தான் காணும்.

காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் இருவரும் பதறுவார்கள். வாளி ஆடும். அந்த ஆட்டமே போதும்.

"சாலமோனு, இத்த இடுப்புல கட்டிக்கினு வாடா."

சாலமோன் எட்டிப் பிடித்தான். மரியஜோசப்புக்கு உயிர் வந்தது.

கீழே திரிப்புகை சுருண்டு எழுந்து வாளியை மறைத்தது. சங்கிலி மட்டும் புகைக்கு மேலே விறைத்து நின்றது. கண்ணி கண்ணியாக அதையே பார்த்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான்.

புகைக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. வழக்கமான கேலிக் குரல்தான்.

"மொதலாளிக்குக் கட்டிட்டேண்ணா. மனுசன் ரொம்ப பயந்துகினு கீறாரு. நீ கெட்டியா புடிச்சிக்கோ."

அந்தக் கணம் நடேசனை அவன் வெறுத்தான். அவர் செத்தாலும் சரி என்றுகூட நினைத்தான்.

பிறகு கயிற்றைக் கல்தூணில் இன்னொரு சுற்றுச் சுற்றி, இறுகப் பிடித்துக்கொண்டான்.