பாதி கரி பூசிய வட்டம்

வட்டத்தில் பாதிக்குக் கரி பூசியிருந்தது. மற்றப் பாதி வெறும் வெள்ளை. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கலாக ஒரு பட்டி, அதற்குள் நாலைந்து குடிசைகள்.

மகள் அருந்ததியின் புத்தக அடுக்கிலிருந்து விழுந்த தாளை வடிவம்மா மூன்றாம் தரம் திருப்பிப் பார்த்தாள். எழுத்துத்தான் தெரியாது. இரணைமடுக் குளம் தெரியாதா? வெள்ளை தண்ணீர். கறுப்பு காடு. நடுவே ஓடுவது குளக்கட்டு. அந்தக் குடிசைகள் இயக்கப் பெடியளின் முகாம் அல்லாமல் வேறென்ன?

மீனம்மாவின் மகன் இயக்கத்துக்குப் போனபோது அவன் தலையணைக்குள்ளும் இப்படியொரு படம் இருந்ததாம். அவன் போய் மூன்றாம் நாள்தான் மீனம்மா அதைக் கண்டாள். வடிவம்மா முந்திக்கொண்டாள். அந்தப் பயத்திலும் அவளுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

யாரிடம் காட்டி வாசிக்கச் சொல்வது? பக்கத்து வளவுக் கமலாட்சியிடம் கொடுத்தால் பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துப் புடவை மூட்டையோடு யஹ்யா நானாவின் சைக்கிள் வாசல் படலையில் வந்து நின்றது. முல்லைத்தீவுக்காரர். மாதத்தில் ஒருநாள் வருகிறவர்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். வடிவம்மா தாளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ஏதோ ஓர் உலகமாம். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, அதுவும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றுமாம். ஒரு பக்கம் எப்போதும் பகல். மறுபக்கம் எப்போதும் இரவு. நடுவிலுள்ள பட்டியில் உயிர்கள் இருக்கக்கூடுமாம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எழுதியதாம்.

வடிவம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. விடியாத ஊரும் ஓர் ஊரா? குளக்கட்டு என்று சொல்லப் பயந்து மனுசன் கதை கட்டுகிறாரோ? இல்லை, இவருக்கும் இதில் பங்கிருக்குமோ?

"கீழே இன்னும் எழுதியிருக்கே நானா. அதையும் படிங்க."

யஹ்யா தொண்டையைச் செருமினார். "'இருட்டுப் பக்கத்தில் வாழ முடியாது என்று சொல்கிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பின்பக்கக் காம்பராவுக்கு வெயிலே வராது. சுவரெல்லாம் பாசி. அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். அம்மா என்னை அங்கேதான் பெற்றார்.' இவ்வளவுதான் தங்கச்சி."

இதை நானா கட்டியிருக்க முடியாது. அந்தப் பாசிச் சுவர் வீட்டாரைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. எழுபத்தேழுக் கலவரத்தில் அடி தாங்காமல் மலைநாட்டிலிருந்து ஓடிவந்து, ஒன்பது வருடமாக இந்தக் காட்டை வெட்டிக் காணியாக்கியதே பிள்ளை வெயிலில் வளரட்டும் என்றுதான். வடிவம்மாவுக்கு அழுகை வந்தது. பெற்ற மகளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பிள்ளை எங்கே என்று யஹ்யா கேட்டார். விடியவே பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்றாள். அடுத்த மாதம் அவளுக்கென்று நல்ல பூப்போட்ட சட்டைத்துணியாகக் கொண்டுவரச் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

தாளைப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும். அம்மா கிண்டினாள் என்று தெரிந்தால் பிள்ளை கோபிப்பாள். எந்தப் புத்தகத்துக்குள் இருந்தது என்று வடிவம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு அட்டை நிறம்தான் அடையாளம். நீலம் கணக்கு. பச்சை தமிழ். மஞ்சள் சமயம். சிவப்பு விஞ்ஞானம். கீழே கொப்பிகள், அவற்றின்மேல் பென்சில் பெட்டி.

ஒன்றுகூடக் குறையவில்லை.

விடியவே பிள்ளை தூக்கிக்கொண்டு போன பை நிறைந்திருந்தது நினைவுக்கு வந்தது.

உடுப்புக் கொடிப் பக்கம் திரும்ப அவளுக்குப் பயமாக இருந்தது. மகளின் மாற்றுச் சட்டைகள் அங்கேதான் கிடக்க வேண்டும்.