சோங்சிங் படிக்கட்டு

"வந்தாச்சுன்னு போன் சொல்லுது, ஹோட்டலைக் காணோமே!" சீனாவின் மலை நகரமான சோங்சிங்கில், ஒரு நெடும் படிக்கட்டின் அடியில் நின்று ரென்ஜியே விழித்தான்.

"யாரையாவது கேட்போமே," என்றாள் மனைவி லான்ஃபாங்.

"எனக்குத் தெரியாதா? மேல் தெருவுலதான் இருக்கும். படியேறு!"

"நான் வரலை." பெட்டியோடு எதிர்க் கட்டடத்துக்குள் நுழைந்தாள் அவள்.

"மகாராணிக்கு ஏசி கேக்குதாக்கும்," என்று நொடித்தாள் ரென்ஜியேயின் அம்மா.

அம்மாவும் மகனும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, நாக்குத் தள்ள அத்தனை படிகளையும் ஏறி முடித்தார்கள். மேல் தெருவில், ஹோட்டல் வாசலில் உட்கார்ந்து லான்ஃபாங் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்!

"எப்படிடி வந்தே?"

"லிஃப்ட்ல, அத்தை! கீழ பழக்காரம்மாவைக் கேட்டேன். அந்தக் கட்டடத்தோட பதினோராவது மாடியில வெளிய வந்தா, இந்தத் தெருதானாம்!"

அம்மா பெட்டியை மகன் காலடியில் போட்டாள்.

"நாளைக்கு நீ உன் போனோட சுத்து. நான் என் மருமகளோட போறேன்!"