ஸ்பார்த்தும்

"பாடாதவ வெளியே போகலாம்" என்றான் மேஸ்திரி ரோக்கே.

லிப்ராதாவைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் மகளுக்கு விடாத காய்ச்சல். ராத்திரி முழுக்க அவள் கண் மூடவில்லை. இன்றைய கூலி வந்தால்தான் டாக்டர்.

"பிள்ளை அங்க அனத்திக்கிட்டுக் கெடக்கு, மேஸ்திரி. பாட்டு எங்கேருந்து வரும்? கை வேலை செய்யுதே, போதாதா?"

"போதாது. பாடு. இல்லே, வீட்டுக்குப் போ. வாசல்ல வேலைக்கு ஆள் நிக்குது."

சியேசா ஊரில் எஸ்பார்த்தோ புல்லை இடித்து, கயிற்றுக்கு நாராக்கும் ஆலை அது. எந்திர உலக்கைகள் வரிசையாக ஏறி ஏறி விழும். உலக்கைக்கு ஒருத்தி. புல் கட்டைக் கையில் பிடித்து, அடியில் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்ற ஆலைகளில் மனமிருந்தால் பாடுவார்கள். இங்கே கட்டாயம். ஆளுக்கு ஒரு வரி, முறை வைத்து.

"வீட்ல பொண்டாட்டி வாயத் திறக்க மாட்டா போல. அதான் இங்க கச்சேரி கேக்குறாரு" என்றாள் பக்கத்து உலக்கை பார்த்தோலா.

எல்லோரும் சிரித்தார்கள். ரோக்கே சிரிக்கவில்லை. பெல்ட்டை நிறுத்தும் விசை இருக்கும் சுவர்ப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஒரு வரிகூட ஞாபகம் வரலியே, அக்கா."

"இந்தப் புல்லுக்கு லத்தீன்ல ஸ்பார்த்தும்னு பேராம். பாதிரியார் சொன்னாரு. அதையே பாடு. லத்தீன்னா கோயில் பாட்டுன்னு இந்த ஆளு கம்முனு இருப்பான்."

மோட்டார் ஓடியது. தூசி எழும்பியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஆள் முகமே தெரியவில்லை. இடிச் சத்தத்துக்கு மேலே பெண்கள் கத்திப் பாடினார்கள்.

"ஸ்பார்த்தும், ஸ்பார்த்தும்!" என்றாள் லிப்ராதா.

"பூசை பிரமாதம்டி!" என்றாள் பார்த்தோலா.

அடுத்த சுற்றிலும் பாடினாள். குரல் இறங்கியிருந்தது. பிள்ளை தண்ணீர் கேட்டிருக்குமோ? எழுந்து எடுக்கத் தெம்பு இருக்குமா? யாராவது எட்டிப் பார்த்தார்களா?

மறுபடி சுற்று வந்தது. பார்த்தோலா தன் வரியை முடித்தாள். அடுத்து லிப்ராதா.

படாரென்று பெல்ட் கழன்றது. உலக்கைகள் அத்தனையும் நின்றன.

தூசி மெல்ல அடங்கியது. லிப்ராதா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். இரண்டு கையும் உலக்கைக்கு நேர் கீழே. உலக்கை அந்தரத்தில்.

"அய்யோ, மாதாவே!" பார்த்தோலா பாய்ந்து அந்தக் கைகளை வெளியே இழுத்தாள். லிப்ராதா விழித்து, மேலே பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

ரோக்கே இன்னும் சுவரைப் பார்த்தபடியே நின்றான். விசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

பார்த்தோலா அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க திரும்பிக்கூடப் பாக்கலியே, மேஸ்திரி. எப்படித் தெரிஞ்சது?"

"அவ வரி வரல."