பிறந்த இடம்: மாத்தளை

"தம்பி, பேர் வருது, அறை வருது. பிறந்த இடம் மட்டும் ஏன் வரேல்ல?"

லொட்ஜ் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்த பொலிஸ் அதிகாரி கோபப்படாமல்தான் கேட்டார். அதுதான் கணபதியை இன்னும் பயமுறுத்தியது.

மாத்தளையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் கணபதி. தம்புள்ளையில் பதினெட்டு லொட்ஜ்களில் யார் யார் தங்குகிறார்கள் என்று பதிவது, அவன் சி பிளஸ் பிளஸில் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான். போன வாரம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வேண்டியவர்களைத் தேடிப் பிடிக்க அதிகாரிகளே பைத்தனில் ஸ்கிரிப்ட் என்று சின்னத் தேடல் நிரல்களை எழுதிக்கொள்வார்களாம், அதற்கு வழி செய்து கொடுக்க வேண்டுமாம்.

செய்து கொடுத்தான். தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் புரோகிராமுக்குள் ஓர் ஆப்ஜெக்ட், அவரைப் பற்றிய விபரமெல்லாம் அடங்கிய பொட்டலம். அதில் எதை ஸ்கிரிப்டின் கண்ணுக்குக் காட்டுவது என்பது கணபதியின் கையில்தான் இருந்தது. தபால் கந்தோரில் உள்ளே எவ்வளவு கிடந்தாலும் கவுண்டர் வழியாகக் கொடுப்பதுதானே நமக்குக் கிடைக்கும், அந்தக் கதைதான். பெயர், அறை, திகதி என்று மூன்றைத் திறந்துவிட்டான். பிறந்த இடத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டான்.

காரணம் இந்த லொட்ஜின் மாடியில், ஏழாம் அறையில் இருந்தது. மனைவி கமலாட்சியின் தம்பி தவராசா. எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வடக்கே ஓடிய குடும்பம் அது, அதனால் அவன் பிறந்தது கிளிநொச்சியில். இது இரண்டாயிரத்தெட்டு, வடக்கில் போர் நடக்கும் நேரம். அடையாள அட்டையில் அந்த ஊர்ப் பெயர் இருந்தால் போதும், வாசலில் நிற்கும் ஜீப்பில் ஏற வேறு குற்றம் தேவையில்லை.

"அத ஸ்கிரிப்டுக்குத் தொறந்து விடல சேர். தேவப்படாதுன்னு நெனச்சேன்."

"எனக்கு அதுதானே தேவை. திறந்து விடுங்கோ. ஆறுதலாச் செய்யுங்கோ, நான் வாசல்ல இருக்கிறன்."

சிங்களவர், ஆனால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வடக்கில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பேச்சாக இருக்கும் என்று கணபதி நினைத்துக்கொண்டான். நேற்றே வந்து இதே லொட்ஜில் இரண்டாம் அறையில் தங்கிவிட்ட மனிதர், வந்த வேலை முடியாமல் கிளம்ப மாட்டார்.

லொட்ஜ் முதலாளி மக்கீன் நானா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அடையாள அட்டையைப் பார்த்துப் பதியாமல் எவனுக்கும் சாவி கொடுக்காத மனிதர் அவர். தவராசாவையும் அப்படித்தான் பதிந்திருந்தார்.

"சேர் கேக்குறத செஞ்சி குடுங்க தம்பி. எனக்கு மூணு பொம்புளப் புள்ளைகள்" என்றார் குரலைத் தாழ்த்தி.

"செஞ்சா மச்சான் போயிருவான் நானா."

மக்கீன் நானா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேசையில் போன் அதிர்ந்தது. கமலாட்சி. தம்பி சாப்பிட்டானா என்று கேட்பாள், வேறென்ன. கணபதி எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவான் போலிருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பிறந்த இடத்தைத் திறந்துவிடலாம். ஆனால் ஸ்கிரிப்ட் கேட்கும்போது பதில் சொல்வது இவன் எழுதும் ஃபங்ஷன். அது பொய் சொன்னால்? கம்பைல் ஆகி இயந்திர மொழியாக மாறிவிட்டால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரியால் படிக்க முடியாது.

தவராசாவின் அட்டை எண்ணை அடித்தான். இந்த எண் வந்தால் 'மாத்தளை' என்று சொல். ஒரே வரி, வேலை முடிந்தது. ஆனால் விரல் அடுத்த பொத்தானுக்குப் போகவில்லை. மற்ற லொட்ஜ்களில் இன்னும் எத்தனை பேரோ. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக் கிடப்பவர்கள். அவர்களுக்கும் சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் அக்கா இருப்பாள்.

அந்த வரியை அழித்தான். கிளிநொச்சி, வவுனியா என்று வடக்கின் ஐந்து மாவட்டங்களில் எங்கே பிறந்திருந்தாலும் 'மாத்தளை' என்று சொல்லும்படி எழுதினான். வடக்கு ஆட்கள் என்றாலே லொட்ஜ்காரர்கள் அறை இல்லை என்று கைவிரிக்கும் காலம் இது. ஒருவர்கூட இல்லை என்றால் யாரும் நம்புவார்கள். அதில் யார் யார் பெயர் அகப்படுகிறது என்று பார்க்க நேரமில்லை, மனமும் இல்லை.

கம்பைல் ஆக நாலு நிமிடம் எடுத்தது. அந்த நாலு நிமிடமும் கணபதி தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

"சரி சேர். இப்ப பாருங்க."

அதிகாரி உட்கார்ந்தார். பதினெட்டு லொட்ஜ்களிலும் இன்று தங்கியிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அந்த ஐந்து மாவட்டங்களில் பிறந்தவர்கள் யார் என்று ஸ்கிரிப்டை ஓடவிட்டார்.

ஒருவரும் இல்லை என்றது திரை.

கதவோரத்தில் நின்ற மக்கீன் நானா வாய்க்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். கணபதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாடியில் தவராசா குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது.

அதிகாரி மறுபடியும் ஓடவிட்டார். ஒருவரும் இல்லை. கதிரையை மெதுவாகத் திருப்பினார். சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்துக் கணபதியின் முன்னால் வைத்தார்.

"நான் பிறந்தது வவுனியாவில. என்ர பேர் எங்க, தம்பி?"