ஆடு தின்ற பாடகர்

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் காலையில்தான் ஒட்டியிருந்த சுவரொட்டியை ஒரு வெள்ளாடு கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்த தெருநாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது யார் முகம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது," என்றது ஆடு.

"கித்தார் இன்பன். டீக்கடையில, ஆட்டோவில, கல்யாண மண்டபத்துல, எங்க போனாலும் அவர் பாட்டுதான். அவரைத் தெரியாதுன்னு கூசாம சொல்றியே, நீயெல்லாம் எந்தக் காட்டுலேர்ந்து வந்தே? இனிமே இந்தச் சுவர்ப் பக்கம் வந்தா காலைக் கவ்விடுவேன்."

சாப்பாட்டுக்கே ஆபத்து என்றதும் ஆட்டுக்கும் கோபம் வந்தது.

"போன வருஷமும் இதே இடத்துல ஒரு பாடகர் படம் இருந்துச்சு. அப்பவும் நீ இப்படித்தான் குரைச்சே. அவர் பேரைச் சொல்லு பார்ப்போம்."

நாய் சுவரைப் பார்த்தது. "சுருள் முடி வச்சிருப்பாரே..." என்று இழுத்தது.

"பேர் எனக்கும் தெரியாது. ஆனா நான் தின்னுடக் கூடாதுன்னு அவர் படம் ஒட்டின பசையில மயில்துத்தம் கலந்திருந்தாங்க. இன்னும் நாக்கு கசக்குது. இந்த ஊர்ல அவரை மறக்காம இருக்கிறது நான் ஒருத்திதான்."

சொல்லிவிட்டு ஆடு கித்தார் இன்பனின் காதைக் கடித்து இழுத்தது.