மேற்படி நான்

இந்த வருஷம் மட்டும் இளவரசன் ஆறு அப்பாக்களைத் தீர்த்துக்கட்டியிருந்தான். பதறாதீர்கள், எல்லாம் காகிதத்தில்தான்.

பெரிய யூனிவர்சிட்டிகளுக்கு இப்போதெல்லாம் மார்க் மட்டும் போதாதாம். உன்னைப் பற்றி நீயே ஒரு கட்டுரை எழுதி அனுப்பு என்கிறார்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கும்? டியூஷன், பரோட்டா, போன். அந்தப் பிள்ளைகளுக்காகவே செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து இஞ்சி டீ குடிக்கும் ஒரு கஃபேவின் மாடியில் இளவரசன் கடை விரித்திருந்தான். எழுதி வருவதைத் திருத்திக் கொடுப்பதாகத்தான் பேர். "அழுகை கம்மியா இருக்குப்பா" என்று உதட்டைப் பிதுக்குவான். அப்புறம் அழுகையை ஜாஸ்தியாக்கி, முழுக் கட்டுரையையும் அவனே எழுதிக் கொடுத்துவிடுவான்.

அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் பலராமன். முழு யூனிஃபார்ம், கக்கத்தில் ஒரு ஃபைல்.

இளவரசன் மேஜைமேல் கிடந்த கட்டுரைகளை அவசரமாக டிராயருக்குள் தள்ளினான். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். கீழ்பென்னாத்தூரில் பெண் வீட்டார், மாப்பிள்ளை ஏதோ புரொஃபசர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். அவன் போலீஸ் ஜீப்பில் ஏறுவதை அந்த ஊர்க்காரன் ஒருத்தன் பார்த்துத் தொலைத்தால் போதும், கல்யாணம் நின்றுவிடும்.

"மதிவதனின்னு ஒரு பொண்ணு, தெரியுமா?"

"தெ... தெரியும் சார். என் ஸ்டூடன்ட்."

பலராமன் ஃபைலிலிருந்து ஒரு இங்கிலீஷ் கட்டுரையை உருவினார். அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். "'நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அவருடைய செருப்பை வாசலிலிருந்து எடுக்க அம்மா விடவே இல்லை.' யார் எழுதினது?"

"அந்தப் பொண்ணேதான் சார். நான் சும்மா கமா, ஃபுல் ஸ்டாப் மட்டும்..."

"அவங்க அப்பா ஜவுளிக்கடை வச்சிருக்காரு. நேத்து ஸ்டேஷன்ல என் எதிர்ல உக்காந்து வடை சாப்பிட்டாரு. உங்க மேல கம்ப்ளெயின்ட் கொடுக்கத்தான் வந்தாரு."

"அது ஒரு உணர்ச்சிக்காகங்க சார்" என்றான் இளவரசன்.

பலராமன் அடுத்த கட்டுரையை உருவினார். "இவன் எழில். கிரிவலப் பாதையில காலி பாட்டில் பொறுக்கிப் படிச்சானாம். அவன் வீட்டு வாசல்ல மூணு கார் நிக்குது. எல்லாத்துலயும் நான், நான், நான். அத்தனை நானும் நீங்கதானே?"

இளவரசன் எழுந்தே விட்டான். "சார், கல்யாணம் வச்சிருக்கேன் சார். அண்ணாமலையார் மேல சத்தியமா இனிமே ஒரு வரி எழுத மாட்டேன். இந்தக் கடையையே மூடிடறேன்."

"அய்யய்யோ, அப்படி எதுவும் பண்ணிடாதீங்க!"

பலராமன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை நேரம் அதிகாரியாக இருந்தவர், இப்போது பிள்ளைக்கு சீட்டு கேட்டு வந்த தகப்பன் மாதிரி நெளிந்தார்.

"கம்ப்ளெயின்ட்டை ஓரமா வச்சிடலாம் சார். எனக்கு ஒண்ணு திருத்திக் குடுக்கணும்."

இளவரசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அட, இதுக்கா இந்த மிரட்டு மிரட்டினார்! "குடுங்க சார், நம்ம வீட்டுப் புள்ளைக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்" என்று வாங்கிப் படித்தான்.

'மேற்படி பௌர்ணமி இரவில் மேற்படி அடி அண்ணாமலை அருகே மேற்படி பெண்மணியின் கழுத்திலிருந்த மேற்படி சங்கிலியை நான் அறுத்தேன். மேற்படி செயலுக்காக மனம் வருந்துகிறேன்.'

"சார், இது..."

"திருட்டு கேஸ் வாக்குமூலம். எங்க ஏட்டு எழுதினது. பெரிய அய்யா படிச்சிட்டு, 'எந்தத் திருடன்யா இப்படிப் பேசுவான்'னு தூக்கிக் கடாசிட்டாரு. நாளைக்குள்ள கேஸை முடிச்சாகணும். மதிவதனி கட்டுரையைப் படிச்சு ஸ்டேஷனே அழுதுச்சு சார். அவங்க அப்பாவே அழுதாரு. அப்பதான் உங்க ஞாபகம் வந்தது."

இளவரசனுக்குள் இருந்த மாப்பிள்ளை பயந்து ஒதுங்க, வாத்தியார் முன்னால் வந்துவிட்டான்.

"மொதல்ல இந்த மேற்படி எல்லாத்தையும் தூக்குங்க. தன் கதையைச் சொல்றவன் மேற்படின்னா சொல்லுவான்? மனம் வருந்துகிறேன்னு எழுதினா ஆச்சா? வருத்தம் தெரியணும் சார். அந்தம்மா போட்ட சத்தம் காதுலயே இருக்குது, அன்னிலேர்ந்து சோறு எறங்கலைன்னு வரணும்."

"ஆஹா!" என்றார் பலராமன். கீழே கஃபேவில் சொல்லி இரண்டு டீ வரவழைத்தார்.

இளவரசன் மளமளவென்று எழுத ஆரம்பித்தான். கம்ப்ளெயின்ட் போச்சு, கல்யாணம் நிலைச்சது. பேனா தானாக ஓடியது. இரண்டாவது பாரா முடிவில் சட்டென்று நின்றான்.

"ஆளுக்கு என்ன வயசு சார்? கொழந்தை குட்டி இருக்கா? அதை வச்சுதான் அழுகையை எங்க ஏத்தறதுன்னு பாக்கணும். முடிஞ்சா அவனையே ஒரு தடவை பாத்துப் பேசினா நல்லா வரும்."

பலராமன் டீயை நிதானமாக உறிஞ்சினார்.

"நீங்க உங்க இஷ்டத்துக்கு எழுதி முடிங்க சார், அதுக்குத் தோதான ஆளா பாத்து நாங்க காலையில புடிச்சுக்கறோம்."