எழுந்திருக்கும் நேரம்

ஜன்னலோர மேசையில் இரண்டு லேப்டாப்கள் இருந்தன. பழையது செங்கல் கனம். நேற்று வந்த புதியது அப்பளம்போல மெல்லிசு. கதை எழுதும் பூங்கோதை, பழையதில் இருந்த கதைகளையெல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டாள். மாலையில் பழைய சாமான்காரர் வந்து பழையதை எடுத்துப்போவார்.

"நீங்க முழுசா எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?" என்று கேட்டது புதியது.

"அவங்க டீ போட்டுக் குடிச்சு, வெளியே கொஞ்சம் வேடிக்கை பார்த்துட்டு வர்ற நேரம்."

"என் மூடியைத் தூக்கினதுமே நான் ரெடி."

"பார்த்தேன் தம்பி."

பூங்கோதை வந்து புதியதைத் திறந்தாள். வெள்ளைப் பக்கம் உடனே வந்து நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

பிறகு எழுந்து, பழையதன் பட்டனை அழுத்தினாள். அதன் உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியது, தூரத்து மழைபோல. அவள் டீயோடு ஜன்னலருகே நின்றாள். எதிர்மாடியில் காய்ந்த நீலப் புடவை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. சட்டென்று டம்ளரை வைத்துவிட்டு வந்து, புதியதில் மளமளவென்று எழுத ஆரம்பித்தாள்.

வாசலில் பழைய சாமான்காரர் மணியடித்தார்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள், தலை நிமிராமல்.

புதியது மெதுவாகக் கேட்டது: "எழுதறது என்கிட்டதானே? உங்களை எதுக்கு அண்ணே வச்சுக்கிட்டாங்க?"

"தெரியலையே தம்பி" என்றது பழையது. "நான் இன்னும் முழுசா எழுந்திருக்கவே இல்லை."